புதுப்பிப்பு: கைப்பேசியில் ‘தி நெவர்ஹுட்’, தொடுதல் சிக்கல் தீர்ந்தது

1996இல் வெளிவந்த ‘தி நெவர்ஹுட்’ என்னும் களிமண் அசைவூட்டப் புதிர் விளையாட்டை பழைய கணினி விளையாட்டுகளை இயக்கும் ஸ்கம்விஎம் செயலி வழியாக ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஆடும்போது, சிறிய பொத்தான்களின்மீது விரல் சரியாகப் படுவதில்லை என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். அமைப்புகளில் நேரடித் தொடுதலை விடுத்து, திரை முழுவதையும் சுட்டியை நகர்த்தும் தொடுபலகையாக மாற்றியதும் அந்தச் சிக்கல் நீங்கியது. விரல் காட்சியை மறைக்காததால், களிமண்ணில் பதிந்துள்ள கைரேகைகளைக்கூட இப்போது நின்று பார்க்க முடிகிறது (இவ்விளையாட்டில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது அதுதான்). புதிர்களுக்கான குறியீடுகளைத் திரைப்பிடிப்பாகச் சேமிப்பதைவிட, அருகில் ஒரு தாளை வைத்து வரைந்துகொள்வதே மேல் என்பது என் அனுபவம். விளையாட்டில் வரும் ‘பதிவேட்டுக் கூடம்’ என்னும் நெடுங்கூடத்தின் நீண்ட நடை மட்டும் குறையவில்லை. அதன் கடைசியில் கதையின் ஒரு பகுதியைச் சொல்லும் வட்டு இருப்பதால், முழுக் கதையையும் அறிய விரும்புவோர் அங்கே நடந்தே ஆக வேண்டும்.