அத்தை போனில் இடமில்லை

குழு: பினாங்கு ஆயர் ஈத்தாம் வீட்டுப் பூசை

செந்தூல் அத்தை: பிள்ளைகளா, போனில் இடம் இல்லை, இடம் இல்லை என்று காலையிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. சின்னவள் அனுப்பிய அழைப்பிதழ் படம்கூடத் திறக்கவில்லை, வட்டமாகச் சுற்றுகிறது. ரயில் டிக்கெட் ஆப் போடச் சொன்னாள் யாழினி, அதுவும் இறங்கவில்லை. எதை அழிக்கலாம் சொல்லுங்கள்.

கிள்ளான் சித்தப்பா: அக்கா, அந்தப் போனையே அழித்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து லோ யாட் கடைத்தொகுதிக்குப் போகிறேன், புதுசு ஒன்று வாங்கித் தருகிறேன். சனிக்கிழமை அதோடு ரயில் ஏறுங்கள்.

யாழினி: சித்தப்பா வேண்டாம், பயணத்துக்கு முந்தின நாள் போன் மாற்றுவதைப் போலத் தலைவலி வேறு இல்லை. வங்கி ஆப் புதுப் போனில் பதிந்தவுடன் முழுதாக வேலை செய்யாது. மோசடியைத் தடுக்க மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022இல் வங்கிகளுக்குச் சொன்ன ஏற்பாடு அது, பல வங்கிகளில் 12 மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள், ஒப்புதல் கொடுக்க ஒரு கணக்குக்கு ஒரு போன்தான். ரயிலில் உட்கார்ந்துகொண்டு அத்தை அந்தப் பாஸ்வேர்டு எது இந்தப் பாஸ்வேர்டு எது என்று எனக்குத்தான் அழைப்பார். பினாங்கு போய்வந்த பிறகு வாங்குங்கள்.

கிள்ளான் சித்தப்பா: சரி லா.

கவின்: அத்தை போனில் இருக்கும் குட் மார்னிங் பூக்களை அழித்தாலே பாதி காலியாகும் 😂

செந்தூல் அத்தை: அதெல்லாம் எனக்கு வந்தவை ஐயா. நான் அனுப்பினது கொஞ்சம்தான்.

யாழினி: கவின் சொல்வது சரிதான். அத்தை, எந்த ஆப்பையும் இப்போது தொடாதீர்கள். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ் போய், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, அதில் மேனேஜ் ஸ்டோரேஜ். பல தடவை ஃபார்வர்ட் ஆனவை, 5 எம்பிக்கு மேல் உள்ளவை என்று அதுவே பிரித்துக் காட்டும். அந்த இரண்டையும் திறந்து, பேரப்பிள்ளைகள் படத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழியுங்கள். கோயில் திருவிழா வீடியோ ஒன்றே நாலு குழுவிலிருந்து நாலு தடவை வந்திருக்கும். அப்புறம் மீடியா விசிபிலிட்டி என்று ஒன்று இருக்கிறது, அதை அணைத்துவிட்டால் வருகிற படமெல்லாம் உங்கள் ஆல்பத்துக்குள் வந்து நிற்காது.

செந்தூல் அத்தை: கேண்டி கிரஷ்ஷை எடுக்கச் சொல்லாதீர்கள்.

ஈப்போ அண்ணன்: அதுதானே முதலில் போக வேண்டியது.

செந்தூல் அத்தை: நீ எத்தனை லெவல் தாண்டியிருக்கிறாய்?

யாழினி: அண்ணா விடுங்கள். 2012இல் வந்த விளையாட்டு இன்னும் அத்தையை உட்கார வைத்திருக்கிறது என்றால் அதில் ஏதோ இருக்கிறது. அதோடு இணையம் இல்லாமலும் ஓடும், ரயிலுக்கு நல்லது. ஆனால் அத்தை, கணக்கில் நுழைந்து விளையாடுகிறீர்களா என்று ஒரு தடவை பாருங்கள். அப்படி இல்லாமல் ஆப்பை எடுத்துவிட்டால் தாண்டின லெவல் எல்லாம் போய்விடும்.

செந்தூல் அத்தை: அலாமாக்! யாரும் என் போனைத் தொடக்கூடாது.

பினாங்கு சின்ன அத்தை: அக்கா, அழைப்பிதழை மறுபடியும் அனுப்புகிறேன். படமாகத்தான் அனுப்புவேன். வேறு யாராவது அழைப்பிதழ் என்று சொல்லி எதையாவது இறக்கச் சொன்னால் தொடாதீர்கள்.

செந்தூல் அத்தை: அதைக் கேட்க நினைத்தேன். பழைய ஃபிளாட் குழுவில் தெரியாத எண் ஒன்று கல்யாண அழைப்பு என்று ஒரு ஃபைல் போட்டிருக்கிறது. பெயர் முடிவில் ஏபிகே என்று இருக்கிறது. திறக்கவில்லை.

ஈப்போ அண்ணன்: திறக்கவே வேண்டாம். ஏபிகே என்றால் படம் இல்லை அத்தை, அது ஒரு ஆப். உள்ளே போனால் உங்களுக்கு வருகிற எஸ்எம்எஸ்ஸை எல்லாம் படிக்கும், வங்கிக் கணக்கு வரை கை நீளும். ஆப் எதுவாக இருந்தாலும் பிளே ஸ்டோரில் தேடி எடுங்கள், யார் அனுப்பிய லிங்க்கிலிருந்தும் எடுக்க வேண்டாம், நான் அனுப்பினாலும்கூட. தெரியாமல் அழுத்திவிட்டோம், காசு போய்விட்டது என்றால் யாரைத் திட்டலாம் என்று உட்காராமல் உடனே 997க்கு அழைக்க வேண்டும், மோசடிக்கென்றே இருக்கிற எண். வங்கிக்கும் உடனே சொல்ல வேண்டும். அந்தக் குழு அட்மினிடமும் சொல்லி அதை எடுக்கச் சொல்லுங்கள்.

செந்தூல் அத்தை: சொல்லிவிட்டேன். எடுத்துவிட்டார்கள்.

யாழினி: சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தப் பயணத்துக்கு எல்லோர் போனிலும் எல்லா ஆப்பும் வேண்டியதில்லை. ரயில் டிக்கெட் கேடிஎம்பி ஆப்பில் என் கணக்கிலேயே எல்லோருக்கும் சேர்த்து எடுத்துவிடுகிறேன், கியூஆர் படத்தை ஆளுக்கு ஒன்றாக அனுப்புகிறேன், அதை அப்படியே வாயிலில் காட்டினால் போதும். அத்தைக்கு அந்த ஆப் வேண்டாம். ஆனால் மூன்று விஷயம் ஒவ்வொருவர் போனிலும் இருக்க வேண்டும். தனியாக வண்டி பிடிக்க கிராப், வழி தெரியாவிட்டால் இணையம் இல்லாமலும் திறக்கிற வரைபடம், கையில் காசு இல்லாவிட்டால் டச் அண்ட் கோ. கூட்டத்தில் பிரிந்துபோனால் இந்த மூன்றும்தான் கை கொடுக்கும். மற்றதெல்லாம் யாராவது ஒருவர் போனில் இருந்தால் போதும்.

கிள்ளான் சித்தப்பா: டச் அண்ட் கோவில் எனக்கு ஒரு குழப்பம். ஆப்பில் 80 வெள்ளி இருக்கிறது, ஆனால் அட்டையைத் தட்டினால் காசு இல்லை என்கிறது. யார் சாப்பிட்டது?

யாழினி: யாரும் சாப்பிடவில்லை சித்தப்பா 😄 ஆப்பில் இருப்பது வேறு பை, அட்டையில் இருப்பது வேறு பை. ஆப்பில் காசு இருந்தால் அட்டையிலும் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. அட்டையில் போட வேண்டும் என்றால் ஆப்பில் ரீலோட் அழுத்தி, அட்டையைப் போனின் முதுகில் ஒட்டி வைக்க வேண்டும். அதுவும் போனோடு பேசுகிற என்எஃப்சி சில்லு உள்ள புது அட்டைக்குத்தான், பழைய அட்டை என்றால் கடையிலோ ஸ்டேஷனிலோதான் போட முடியும். உங்கள் அட்டை எந்தக் காலத்தது?

கிள்ளான் சித்தப்பா: டோலில் வரிசையில் நின்ற காலத்தது.

யாழினி: அப்படியானால் புதுசு வாங்குங்கள், போனுக்குப் பதில் 😅 அத்தை, உங்களுக்கு செந்தூலில் கொமுட்டர் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரல் வர இந்த அட்டையே போதும். அங்கே எல்லோரும் சேர்ந்துகொள்வோம்.

பினாங்கு சின்ன அத்தை: பட்டர்வொர்த்தில் இறங்கியவுடன் யாரும் கிராப் அழுத்தாதீர்கள். அங்கிருந்தே அழுத்தினால் கார் பாலத்தைச் சுற்றி வரும், டோலும் சேரும், காசு எகிறும். நடைபாதையில் நடந்து ஃபெரி பிடியுங்கள். சுல்தான் அப்துல் ஹாலிம் துறை அந்தக் கரை, ராஜா துன் ஊடா துறை இந்தக் கரை. இந்தக் கரையில் இறங்கி, கிராப்பில் ஏறும் இடத்தைக் காட்டும் பின் குறி ராஜா துன் ஊடாவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் அழுத்துங்கள். போன தடவை வந்த விருந்தாளி ஒருவர் பின்னை அக்கரையிலேயே விட்டுவிட்டு இக்கரையில் நின்று ஓட்டுநரோடு சண்டை போட்டார்.

கவின்: பஸ் இருக்கிறதே சின்ன அத்தை? 204 ஆயர் ஈத்தாம் வழியாகத்தானே பினாங்கு மலைக்குப் போகிறது.

பினாங்கு சின்ன அத்தை: போகிறது கண்ணு, பெட்டி இல்லாமல் வந்தால் அதிலேயே வரலாம். பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் ஆப் ஒன்று என்னிடம் இருக்கிறது, பெயர் வேண்டாம், 5 நிமிடம் என்று காட்டும், அப்புறம் மறுபடியும் 5 நிமிடம் என்று காட்டும், அதற்குள் பக்கத்துக் கடையில் ஒரு தே தாரேக் குடித்து முடித்துவிடலாம். இப்போது நிறுத்தத்தில் நிற்கிற பாட்டிகளிடம்தான் கேட்கிறேன். அவர்கள் சொன்னால் சரியாக இருக்கிறது.

ஈப்போ அண்ணன்: நான் காரில் வருகிறேன், எனக்கு வழி காட்ட வேஸ் ஆப் போதும். நெரிசலை அது சொல்கிற மாதிரி வேறு எதுவும் சொல்வதில்லை. காருக்கு எண்ணெய் அடிக்க செட்டல் ஆப், கவுண்டரில் நிற்க வேண்டாம். ரோட் டெக்ஸும் லைசென்சும் மைஜேபிஜே ஆப்பில், 2023இலிருந்தே ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியதில்லை. ஜோர்ஜ் டவுனில் சாலையோரம் நிறுத்த வேண்டும் என்றால் பினாங்கு ஸ்மார்ட் பார்க்கிங், அதைப் புறப்படும் முன்பே பதிந்துவிட வேண்டும். காரை நிறுத்திவிட்டு வெயிலில் நின்றுகொண்டு ஓடிபி எதிர்பார்ப்பது கொடுமை.

யாழினி: வேஸுக்கு இணையம் வேண்டும் அண்ணா, அதை மறக்காதீர்கள். மற்றவர்கள் கூகுள் மேப்ஸில் பினாங்குப் பகுதியை வீட்டு வைஃபையில் இறக்கி வையுங்கள். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது, நிறைய பேருக்குத் தெரியாது. இணையம் இல்லாதபோது அது கார் வழியை மட்டும்தான் சொல்லும், நடக்கிற வழியும் பஸ் வழியும் வராது. குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் நடந்து சுற்றப்போகிறவர்களுக்கு அது உதவாது. நான் ஆர்கானிக் மேப்ஸ் வைத்திருக்கிறேன். விளம்பரம் இல்லை, காசு இல்லை, இறக்கிவிட்டால் நடக்கிற சந்து பொந்து வரை இணையம் இல்லாமல் காட்டும். கடை திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதற்கு மட்டும் கூகுள்தான். அதைக்கூட நம்பி நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை வரிசைக்குப் போகாதீர்கள், ஒரு ஃபோன் போட்டுவிட்டுப் போங்கள்.

பினாங்கு சின்ன அத்தை: எனக்கு ரொம்பப் பிடித்தது கூகுள் டிரான்ஸ்லேட். ஆயர் ஈத்தாம் சந்தையில் சீன எழுத்து போட்ட பாட்டில்கள் மேல் கேமராவைக் காட்டினால் தமிழில் வந்து நிற்கிறது, சீனம் தமிழ் இரண்டையும் இறக்கி வைத்திருக்கிறேன். பூசைச் சாப்பாடு சைவம், அதனால் சாஸ் பாட்டில் எல்லாவற்றையும் இப்படித்தான் பார்த்தேன். ஆனால் முழுதாக நம்பமாட்டேன். ஒரு பாட்டிலில் சிப்பி என்பதற்கு வேறு ஏதோ காட்டியது, நல்லவேளை கடைக்காரரிடம் மலாயில் ஒரு தடவை கேட்டேன்.

கிள்ளான் சித்தப்பா: சென்னையிலிருந்து மச்சான் வருகிறாரே, அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா?

யாழினி: எம்டிஏசி, அந்த டிஜிட்டல் வருகை அட்டை. இங்கே வந்து இறங்குவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்தில் நிரப்பச் சொல்லுங்கள். அது இலவசம். காசு கேட்கிற தளம் என்றால் அது வேறு யாரோ.

கவின்: எல்லாம் பேசிவிட்டீர்கள், விளையாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. ரயிலில் நாலு மணி நேரம் என்ன செய்வது? நான் எம்எல் விளையாடலாமா?

ஈப்போ அண்ணன்: மொபைல் லெஜெண்ட்ஸா? ரயிலிலா? பாடாங் ரெங்காஸ் பக்கம் பெராப்பிட் சுரங்கம் வருகிறது, மூன்று கிலோமீட்டருக்கு மேல். உள்ளே லைன் போனால் உன் அணியில் ஆடுகிற நாலு பேரும் உன்னைத் திட்டுவார்கள், பாதியில் விட்டதற்குப் புள்ளியும் குறையும்.

கவின்: 😭

யாழினி: இணையம் கேட்காத விளையாட்டுதான் ரயிலுக்கு. லூடோ கிங் போடு, ஒரே போனைக் கைமாற்றிக் கைமாற்றி எல்லோரும் ஆடலாம். 2016இல் மும்பைக்காரர்கள் செய்தது, 2020 ஊரடங்கில் நம் வீட்டில் அத்தை எல்லோரையும் வெட்டித் தள்ளினாரே, அதேதான். தனியாக விளையாட மினி மெட்ரோ. நியூசிலாந்தில் செய்தது, கோடு இழுத்து இழுத்து ரயில் பாதை போட வேண்டும், ஸ்டேஷனில் ஆள் சேர்ந்துகொண்டே போவார்கள். விளையாடி முடித்தால் மஸ்ஜிட் ஜாமெக் ஸ்டேஷன் கூட்டத்தைப் பார்த்து யாரையும் திட்ட மனசு வராது. காசு கொடுத்து வாங்க வேண்டியது, ஆனால் நடுவில் விளம்பரம் வந்து கழுத்தை அறுக்காது. சதுரங்கம் என்றால் லிசெஸ், சுத்தமாக இலவசம், கம்ப்யூட்டரோடு இணையம் இல்லாமல் ஆடலாம்.

கிள்ளான் சித்தப்பா: பல்லாங்குழி இல்லையா?

செந்தூல் அத்தை: போட்டுப் பார்த்தேன். மலாய்க்காரர்களின் சோங்காக்தான் இருந்தது. ஓரத்தில் ஒரு வீடு வைத்து, சுற்றி வரும்போதெல்லாம் அதில் ஒரு காயைப் போடச் சொல்கிறது. நாங்கள் தோட்டத்தில் ஆடியதில் அப்படி எங்கே இருந்தது? அதோடு காயை அதுவே எண்ணி அதுவே போட்டுவிடுகிறது. கையில் எடுத்து, எத்தனை இருக்கிறது என்று உள்ளங்கையிலேயே கணக்குப் போடுவதில்தானே ஆட்டமே இருக்கிறது. பலகையையே எடுத்து வருகிறேன், ரயிலில் மேசை இருந்தால் பார்ப்போம்.

கவின்: அத்தை நான் வருகிறேன் ஆட்டத்துக்கு.

யாழினி: கவின், இலவச விளையாட்டுகளில் விளம்பரம் தொல்லை கொடுத்தால் ஏரோப்பிளேன் மோட் போடு, பெரும்பாலும் நின்றுவிடும். சித்தப்பா, பிளே ஸ்டோரில் காசு கட்டும்போது பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள், இவன் விளையாட்டுக்குள் வைரம் வாங்குகிறேன் என்று கிளம்பிவிடுவான். புக்கிட் மேரா வரும்போது எல்லோரும் போனைக் கீழே வைக்க வேண்டும். ஏரிக்கு நடுவில் ரயில் போகிறது, இரண்டு பக்கமும் தண்ணீர், சீக்கிரம் தாண்டிவிடும்.

யாழினி: பள்ளி விடுமுறை, இடம் வேகமாகப் போகிறது. இன்றிரவே டிக்கெட் எடுக்கிறேன். பெயரும் ஐசி (அடையாள அட்டை) எண்ணும் வேண்டும், எனக்குத் தனியாக அனுப்புங்கள். தயவுசெய்து குழுவில் போடாதீர்கள்.

கிள்ளான் சித்தப்பா: [இந்தச் செய்தியை அட்மின் நீக்கிவிட்டார்]

ஈப்போ அண்ணன்: சித்தப்பா!!! ஐசியின் இரண்டு பக்கமும் படம் போட்டுவிட்டாரே 🤦

கிள்ளான் சித்தப்பா: அழித்துவிட்டேனே, எனக்குத் தெரியவில்லையே இப்போது.

கவின்: அப்பா, நீங்கள் ‘எனக்கு மட்டும் அழி’ என்பதை அழுத்தியிருக்கிறீர்கள். உங்களுக்கு மட்டும்தான் போனது, எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

யாழினி: நான் அட்மின் என்பதால் எல்லோருக்கும் சேர்த்து எடுத்துவிட்டேன். படத்தை யாராவது இறக்கியிருந்தால் ஆல்பத்திலிருந்தும் அழித்துவிடுங்கள். அத்தை, உங்கள் போனில் எப்படியும் இறங்கியிருக்காது.

செந்தூல் அத்தை: இறங்கிவிட்டது. இப்போதுதான் இடம் காலி செய்தேன்.