புதுப்பிப்பு: ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டா, ஜாஸா?

ஓட்டச் சுகமான பழைய சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டா, தொந்தரவில்லாத ஹோண்டா ஜாஸா, எந்தக் காரை வாங்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஸ்விஃப்ட்தான் வாங்கினேன்!

முதலில் பார்த்த ஸ்விஃப்ட்டை விட்டுவிட்டேன். விற்றவர் "பிரச்சினையே இல்லை" என்றார். மேட்டில் நான்காவது கியரில் அழுத்தினால் எஞ்சின் மட்டும் சீறியது, வேகம் ஏறவில்லை. கிளட்ச் தேய்ந்துவிட்டது. பணம் கட்டும் முன் நம்ம மெக்கானிக்கிடம் காட்டச் சொன்ன அண்ணனுக்குத் தனி நன்றி.

இரண்டாவது வண்டி 1.6 லிட்டர், டர்போ இல்லை, 6 கியர் மேனுவல். ஒரே உரிமையாளர், சர்வீஸ் ரசீது எல்லாம் இருந்தது. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய் ஸ்டார்ட் செய்து பார்த்தேன். சத்தம் சுத்தம்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழான சிஓஇ-யை 5 வருடத்துக்குப் புதுப்பித்த வண்டி இது. இன்னொரு முறை புதுப்பிக்க முடியாது, வண்டியின் பதிவை ரத்து செய்யும்போது கொஞ்சம் பணம் திரும்பத் தரும் பார்ஃப் தள்ளுபடியும் கிடையாது. 10 வயது தாண்டியதால் வருடா வருடம் பரிசோதனை, சாலை வரியும் கூடுதல். அதையெல்லாம் விலையில் கழித்துத்தான் பேசினேன்.

ஜாஸ் நல்ல வண்டிதான், பின் சீட்டை மடித்தால் சைக்கிளே ஏறும். ஆனால் சவுத் போனா விஸ்டா சாலை வளைவுகளில் ஸ்விஃப்ட்டை மூன்றாவது கியரில் திருப்பியபோது மனசு முடிவு செய்துவிட்டது. அடுத்த வாரம் கியர் ஆயில் மாற்றுகிறேன்.