புதுப்பிப்பு: காயமில்லாத எலியின் தண்டுவடத்திலும் நீலம் வந்தது ஏன்?

காரைக்குடியிலிருந்து முன்பு கேட்டது: ஈவன்ஸ் நீலம் (இரத்தக் குழாய்க் கசிவைக் காட்டும் சாயம்) செலுத்தினால், காயப்படுத்தாத எலியின் தண்டுவடமும் கசிவு காட்டுகிறதே, ஏன்? விடை கிடைத்துவிட்டது. இரத்தத்துக்கும் தண்டுவடத்துக்கும் இடையிலான தடுப்புச் சுவரில் கோளாறு இல்லை, கழுவுவதிலும் உரிப்பதிலும்தான்.

சாயம் 2%, கிலோவுக்கு 4 மி.லி.; 250 கிராம் எலிக்கு 1 மி.லி., வால் சிரையில். ஆழ்ந்த மயக்கத்தில் இதயம் வழியாக உப்புநீர் விடும்போது, வலது ஏட்ரியத்திலிருந்து (இதயத்தின் வலது மேலறை) வரும் திரவம் தெளியும்வரை நிறுத்தக் கூடாது. கல்லீரல் வெளுக்கவில்லையென்றால் குழாய்க்குள் தங்கிய சாயமும் கசிவாகக் கணக்கில் ஏறிவிடும்.

பெரிய வில்லன் முதுகுவேர் முடிச்சுகள், அதாவது தண்டுவடத்தின் பக்கவாட்டு வேர்களில் உள்ள நரம்பணு முடிச்சுகள். அங்கே இரத்தத் தடுப்பு பலவீனம். எப்போதும் நீலம் பிடிக்கும். உருப்பெருக்கியின் கீழ் வேர்களை ஒட்ட நறுக்கி, டியூரா என்ற வெளி உறையை உரித்த பிறகே எடை போடுங்கள்.

மீதி வழக்கம்போல: திசுவிலிருந்து சாயத்தை இழுக்க ஃபார்மமைடு கரைப்பானில் 60 டிகிரி செல்சியஸ், 24 மணி நேரம், மூடி இறுக்கமாக, சுழற்றித் தெளியவைத்து 620 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் அளவு. கலங்கலுக்கு 740 நானோமீட்டர் அளவைக் கழியுங்கள். தர வரைகோட்டையும் (தெரிந்த சாய அளவுகளின் ஒப்பீட்டுக் கோடு) ஃபார்மமைடிலேயே போடுங்கள், உப்புநீரில் அல்ல.

சாயத்தை ஆத்தங்குடிக் கல் தரையில் மட்டும் சிந்திவிடாதீர்கள்!