.357 சிக் வைத்திருக்கிறேன், விற்றுவிடலாமா?

செந்தில்_சான்ஆன்டோனியோ

வணக்கம். மூன்று வருடத்துக்கு முன் போலீஸ்காரர்கள் பயன்படுத்திக் கழித்துவிட்ட சிக் சாவர் பி229 பிஸ்டல் ஒன்று வாங்கினேன். .357 சிக் தோட்டா போடுவது. உறையில் உரசி உரசி வெளியே சாயம் போயிருந்தது, பேரலுக்குள், அதாவது குழலுக்குள், பார்த்தால் புதிது மாதிரி. "இடுப்பில் சுமந்ததுதான் அதிகம், சுட்டது குறைவு" என்றார் கடைக்காரர். விலை படிந்தது, எடுத்துவிட்டேன். தோட்டா என்ன விலை என்று கேட்கத் தோன்றவில்லை. வண்டியை வாங்கிவிட்டு மைலேஜ் விசாரிக்கிற ஆள் நான்.

இப்போது எங்கள் பக்கத்துக் கடையில் ஒரு சுவர் முழுக்க 9 மிமீ தோட்டா. .357 சிக் அடித்தட்டில், குனிந்து தேடினால் இரண்டு பெட்டி. போன சனிக்கிழமை 50 தோட்டாவுக்கு 36 டாலர் கொடுத்தேன். கூட வந்த நண்பருக்கு 9 மிமீ 14 டாலர். அவர் பாட்டுக்குச் சுட்டுத் தள்ளினார், நான் எண்ணி எண்ணிச் சுட்டேன்.

இந்தத் தோட்டா இன்னும் பத்து வருடம் கிடைக்குமா? .40, .45 காப் என்று மவுசு குறைந்த மற்றத் தோட்டாக்களுக்கான துப்பாக்கி வைத்திருப்பவர்கள் என்ன செய்கிறீர்கள்?

ஒன்பதே_போதும்

விற்றுவிட்டு 9 மிமீ வாங்குங்கள். 1902ல் வந்த தோட்டா, உலகத்தில் பாதிப் பேர் அதைத்தான் சுடுகிறார்கள். புதிதாக எதைக் கொண்டுவந்தாலும் அதன் கதை இதுதான். 2022ல் .30 சூப்பர் கேரி வந்தது, மேகசினில், அதாவது தோட்டா அடுக்கும் பெட்டியில், கூடுதலாக இரண்டு கொள்ளும் என்றார்கள். நாங்கள் சுட்டுப் பழகும் ரேஞ்சில் அதை வைத்திருக்கும் ஒருவரைக்கூட நான் இன்னும் பார்க்கவில்லை.

பித்தளை_பொறுக்கி

தம்பி செந்தில், அவசரப்படாதீர்கள். நான் ஒஹாயோவில் இருபது வருடமாகத் தோட்டாவைக் கையால் நிரப்பிச் சுடுகிறவன். ரேஞ்சில் மற்றவர்கள் சுட்டுவிட்டுப் போன காலிப் பித்தளைக் கூடுகளைப் பொறுக்குவதுதான் என் வார இறுதி. எந்தத் தோட்டாவுக்கு ஆயுசு இருக்கிறது என்று எனக்குச் சொல்வது என் வாளிதான்.

அதைக் கொட்டிப் பிரித்தால் பாதிக்கு மேல் 9 மிமீ. அப்புறம் .45, .40. இதில் ஒரு தொல்லை, 9 மிமீ கூடு .40க்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், .40 போய் .45க்குள். டம்ளருக்குள் டம்ளர் மாதிரி. கவனிக்காமல் கழுவப் போட்டால் இறுகிவிடும், இடுக்கி வைத்துத்தான் இழுக்க வேண்டும். போன மாதம் ஒரு முழு வாளியில் உங்கள் .357 சிக் மூன்றே மூன்று. கழுத்து ஒடுங்கியிருப்பதால் தடவிப் பார்த்தாலே விரலுக்குத் தெரிந்துவிடும்.

.40க்கு இப்போது மவுசு இல்லை, ஆனால் சாகாது. அது பிறந்ததே போலீஸுக்காக. 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த சண்டையில் எஃப்.பி.ஐ. ஆட்கள் இருவர் செத்தார்கள். எதிராளியின் கையைத் துளைத்து மார்புக்குள் போன ஒரு 9 மிமீ குண்டு இதயத்தைத் தொடாமல் நின்றுவிட்டது. பழி தோட்டாமேல் விழுந்தது. 10 மிமீ தோட்டாவுக்குப் போனார்கள். சுடும்போது துப்பாக்கி உதைக்கிற உதை தாங்கவில்லை என்று வெடிமருந்தைக் குறைத்தார்கள். மருந்து குறைந்த பிறகு அவ்வளவு நீளக் கூடு எதற்கு? அதைக் குட்டையாக்கி, 1990ல் ஸ்மித் அண்டு வெஸ்ஸனும் வின்செஸ்டரும் கொண்டுவந்ததுதான் .40. ஊர் ஊராகப் போலீஸ் அதற்கு மாறியது. 2014ல் அதே எஃப்.பி.ஐ., "இப்போதைய 9 மிமீ குண்டு நன்றாக வேலை செய்கிறது, ஆட்களும் அதில் குறி தவறாமல் சுடுகிறார்கள்" என்று திரும்பி நடந்தது. எல்லோரும் பின்னாலேயே போனார்கள். ஆனால் அத்தனை வருடம் சுட்ட கூடும், கழித்துவிட்ட துப்பாக்கியும் நாடு முழுக்க மலிவாகக் கிடக்கின்றன. அதனால் தோட்டா வாங்க ஆள் இருக்கிறது, ஆலையும் செய்கிறது.

.45 காப்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. என் வாளியில் விழும் சாதாரண .45 வேறு, இது வேறு. 2003ல் க்ளாக் துப்பாக்கிக் கம்பெனி கொண்டுவந்தது. .45 குண்டு, குட்டைக் கூடு, சின்னக் கைக்கும் அடங்கும் பிடி. யோசனை மோசமில்லை. நியூயார்க் மாநிலப் போலீஸும் ஜார்ஜியாவும் வாங்கின, பிறகு விட்டுவிட்டன. அவர்கள் போன பிறகு அதைச் சீண்ட ஆளில்லை.

உங்களுடையது இரண்டுக்கும் நடுவில். .357 மேக்னம் ரிவால்வரின் வேகத்தைப் பிஸ்டலில் கொண்டுவர 1994ல் செய்தார்கள். டெக்சாஸ் மாநிலப் போலீஸ் எடுத்தது, அமெரிக்க அதிபரைக் காக்கும் சீக்ரெட் சர்வீஸ் எடுத்தது. சீக்ரெட் சர்வீஸும் இப்போது 9 மிமீக்குப் போய்விட்டது. மொத்தமாக வாங்குகிறவன் போனால் ஆலைக்காரன் வருடத்தில் எப்போதாவதுதான் அதற்கு மெஷினைத் திருப்புவான். 2020ல் பிரைமர் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) தட்டுப்பாடு வந்தபோது பார்த்தோமே, எது வேகமாக விற்குமோ அதைத்தான் ஓட்டினார்கள். .41 மேக்னம், .327 ஃபெடரல் மாதிரி குறைவாக விற்கும் தோட்டாக்களை நம்பியிருந்தவர்கள் மாதக்கணக்கில் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள்.

போலீஸ் கைவிட்டதெல்லாம் போய்விடும் என்றும் இல்லை. 10 மிமீயை எஃப்.பி.ஐ. கைகழுவிய பிறகு அது முடிந்த கதை என்றுதான் நானும் நினைத்தேன். கரடி நடமாடும் காட்டுக்குப் போகிறவர்களும் காட்டுப்பன்றி வேட்டைக்காரர்களும் அதைத் தூக்கி நிறுத்திவிட்டார்கள். .357 சிக்குக்கு அப்படி ஒரு கரடி இன்னும் வரவில்லை.

சரி, என்ன செய்யலாம்? விற்காதீர்கள், காசு வராது. பி229க்கு .40 பேரல் ஒன்று வாங்குங்கள். பேரலை மட்டும் மாற்றினால் போதும், அதே ஸ்லைடு (பேரலைச் சுற்றி முன்னும் பின்னும் ஓடும் மேல்பகுதி), அதே மேகசின். பயிற்சிக்கு .40, ஆசைக்கு .357. அப்புறம் யாராவது .40 கூட்டைக் கழுத்து நெரித்து .357 சிக் ஆக்கலாம் என்று சொன்னால் கேட்காதீர்கள். கழுத்து குட்டையாக வரும், குண்டைச் சரியாகப் பிடிக்காது. நாற்பது கூடுகளைப் பாழாக்கிவிட்டுச் சொல்கிறேன்.

டெல்டாக்காரன்

உங்கள் பேச்சைப் படித்தால் பொறாமையாக இருக்கிறது. இந்தியாவில் 9 மிமீ தடை செய்யப்பட்ட ரகம், சாதாரண லைசென்ஸில் வாங்க முடியாது. அதனால் அங்கே தாத்தா காலத்துத் தோட்டா என்பார்களே, 1896ல் வந்த .32 எஸ் அண்டு டபிள்யூ லாங், அதுதான் இங்கே ராஜா. கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014ல் நிர்பீக் என்று ஒரு எடை குறைந்த ரிவால்வரைப் புதிதாகவே அந்தத் தோட்டாவுக்குக் கொண்டுவந்தது.

பட்டுக்கோட்டைப் பக்கம் என் பெரியப்பாவிடம் ஒரு .32 இருக்கிறது. தேர்தல் தேதி அறிவித்ததும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கி வருவார். அவர் அதைச் சுட்டதை விட ஒப்படைத்த தடவைதான் அதிகம்.

செந்தில்_சான்ஆன்டோனியோ

பெரியப்பாவுக்கு என் வணக்கம். என் துப்பாக்கியும் முன்னாடி அப்படித்தான் இருந்திருக்கும் போல.

பித்தளை அண்ணே, .40 பேரல் ஆர்டர் போட்டுவிட்டேன். இதுவரை சுட்ட .357 சிக் கூடு இருநூறுக்கு மேல் ஒரு டப்பாவில் கிடக்கிறது. நான் நிரப்பப் போவதில்லை. உங்களுக்கு அனுப்பவா?

பித்தளை_பொறுக்கி

அனுப்புங்கள், தபால் செலவு என்னுடையது. இனி .40 கூடும் சேரும், அதையும் எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டுப் போடுங்கள், உங்கள் நண்பரின் 9 மிமீ உள்ளே ஒளிந்திருக்கும்.