ரூபார்ப் நெக்ரோனி: பாகு வேண்டாம், ஜின்லயே ஊறப் போடுங்க

(நாலு ஊர்க்காரங்க ஆளுக்கொரு யோசனை சொல்றாங்க.)

பீளமேடு:
நெக்ரோனிங்கற கசப்புக் காக்டெயிலுக்கு ரூபார்ப் (புளிப்புத் தண்டுக்காக வளக்கற செடி) சேர்க்கறவங்க நெறையப் பேரு அதைச் சர்க்கரைப் பாகாக் காச்சி ஊத்தறாங்க. கெட்டுப் போறது அதுலதானுங்க. அசல் கணக்கு ஜின், காம்பாரி (செவப்பான இத்தாலிக் கசப்பு மது), ஸ்வீட் வெர்மூத் (மூலிகை போட்ட இனிப்பு ஒயின்) மூணும் 30 மில்லி, அதாவது ஒவ்வொண்ணும் ஒரு ஸ்மால் பெக். காம்பாரிலயும் வெர்மூத்லயும் ஏற்கனவே இனிப்பு தூக்கல். அதுக்கு மேல 15 மில்லி பாகு போனா கசப்பு அமுங்கி இருமல் மருந்தாட்டம் ஆயிரும். நமக்கு வேண்டியது ரூபார்ப்போட புளிப்பும் வாசமும் மட்டுந்தான்.

375 மில்லி ஆஃப் பாட்டில் ஜின்னுக்கு 150 கிராம் ரூபார்ப் தண்டு. தோலை உரிக்காதீங்க, செவப்பு அதுலதான் இருக்குது. அரை சென்டிமீட்டர் துண்டா நறுக்கி ஒரு ராத்திரி ஃப்ரீசர்ல வெச்சு எடுங்க. உள்ள இருக்கற தண்ணி ஐஸாகறப்ப தண்டோட கட்டு ஒடைஞ்சு, சாறு வெரசா இறங்கும். கண்ணாடி ஜாடில போட்டு ஜின்னை ஊத்தி, வெளிச்சம் படாத எடத்துல நாலு நாள். தெனம் ஒருக்கா குலுக்குங்க. துண்டு வெளுத்தா வேலை முடிஞ்சுது. ஜின்னுல சாதா லண்டன் ட்ரை வகையே போதும். மசாலா வாசம் தூக்கலா இருக்கற ஜின்னுல ரூபார்ப் காணாமப் போயிரும்.

பெருந்துறை:
வடிக்கறப்ப துணில கட்டி முறுக்கிப் பிழியாதீங்க. பெக்டின் (ஜாமைக் கெட்டியாக்கற பசை) இறங்கிக் கலங்கிப்போச்சுன்னா தெளிய வைக்கறது பெரும்பாடு. சல்லடைல தானா வடியட்டும், அப்பறம் காபி ஃபில்டர் பேப்பர்ல ஒருக்கா.

இதுல ஒரு கணக்கு இருக்குதுங்க. இங்க விக்கற ஜின்னுல ஆல்கஹால் பெரும்பாலும் 42.8 சதவீதம். 150 கிராம் தண்டுல 140 மில்லி தண்ணிதான். அது முச்சூடும் கலந்தா ஜின் 31 கிட்ட இறங்கிரும். 1919ல ஃப்ளாரன்ஸ்ல அமெரிக்கானோங்கற காக்டெயில்ல (காம்பாரி, வெர்மூத், சோடா) சோடாவை எடுத்துட்டு ஜின்னை ஊத்துனதுதான் நெக்ரோனின்னு சொல்லுவாங்க. தண்ணி ஏறுனா மறுபடி அந்தப் பக்கமே போயிரும். அதனால சமப்பங்கு இதுக்கு ஆகாது. ஊறுன ஜின் 40, காம்பாரி 25, வெர்மூத் 20 வெச்சுப் பாருங்க, நல்லா நிக்கும். ஐஸ்ல கலக்கறதும் சாதா நெக்ரோனிக்கு 30 செகண்டுன்னா இதுக்கு 15 போதும். குலுக்க வேண்டாம், கரண்டில சுத்துனாப் போதும்.

பொள்ளாச்சி:
தண்டு சமாச்சாரத்துக்கு வர்றேன். ரூபார்ப் குளிர் தேசத்துப் பயிரு. குளிர்காலத்துல நல்லாக் குளிரு பட்டாத்தான் அடுத்து தண்டு வுடும், நம்ம தோட்டத்துல வெச்சு ஆகற காரியமில்லை. ஊட்டிக் காய் கொண்டாறவங்ககிட்ட சொல்லி வெச்சுப் பாருங்க, இல்லாட்டி ஃப்ரோசன். ஃப்ரோசன்னா ஃப்ரீசர் வேலை மிச்சம். அதைக் கரைய வுடறப்ப வடியற சாத்தைக் கீழ கொட்டிராதீங்க, அதையும் ஜாடிலயே ஊத்துங்க.

இலையோட கெடைச்சா இலையைக் குழில போட்டு மூடிருங்க. அதுல ஆக்சாலிக் ஆசிட் அதிகம், விஷம்; மனுசனுக்கும் ஆகாது, ஆட்டுக்கும் ஆகாது. பட்டிப் பக்கமே கொண்டு போகாதீங்க. கிட்னில கல்லு இருக்கறவங்க தண்டையும் தவிர்க்கறது நல்லது.

நாட்டு மருந்துக் கடைல ரேவல்சின்னிக் கெழங்கு கெடைக்குமே, அதுவும் ரூபார்ப் தானேன்னு கேக்கறவங்களுக்கு: அது வேரு, பேதி மருந்து. ஊறப் போட்டா புளிப்பு வராது, கசப்பும் கக்கூஸும்தான் மிச்சம். இத்தாலில ரபர்பரோன்னு வேரை வெச்சே ஒரு கசப்பு மது பண்றாங்க, அந்தப் பக்குவம் வேற.

பீளமேடு:
பச்சை நெறத் தண்டு கெடைச்சாலும் வாங்கலாமுங்க. கலரு வராதே தவிர புளிப்புல கொறையில்லை. காம்பாரி செவப்புக்கு முன்னால ஜின்னோட ரோஸ் கலரை எவன் பாக்கப் போறான்! பீட்ரூட் சேர்க்கற வேலையெல்லாம் வேண்டாம், மண் வாடை ஏறிரும்.

காம்பாரி எல்லா டாஸ்மாக்லயும் இருக்காது, எலைட் கடைல கேளுங்க. வெளிநாட்டுல இருந்து வர்ற சொந்தக்காரங்க ஆளுக்கு ரெண்டு லிட்டர் வரைக்கும் ட்யூட்டி இல்லாமக் கொண்டாரலாம். வாளையார் தாண்டிக் கேரளாவுக்குப் போய் வாங்கியாந்தா கேஸாயிரும்.

திருப்பூர்:
ஐஸை யாருமே கண்டுக்கலை. டம்ளர்ல கால்வாசிக்குக் கிட்ட ஐஸ் கரைஞ்ச தண்ணிதான். உப்பு ஏறுன போர்த் தண்ணில ஐஸ் வெச்சா முதல் மடக்குலயே தெரிஞ்சிரும். சிறுவாணித் தண்ணி வர்ற வீட்டுக்காரங்க குடுத்து வெச்சவங்க, மத்தவங்க கேன் தண்ணில வைங்க. சின்னக் கட்டி சித்திரை வெயிலுக்கு நிக்காது. கிண்ணத்துல பெருசா ஒறைய வெச்சு ஒடைச்சுக்குங்க.

வெர்மூத்தும் ஒயின் தானுங்க, தொறந்தா ஃப்ரிட்ஜ்லதான் இருக்கோணும். அங்க ஒரு மாசம் தாங்கும். அலமாரில வெச்சா வாசம் செத்துப்போயி, ரூபார்ப் சரியில்லைன்னு அது மேல பழி வுழும்.

கடைசியா ஆரஞ்சுத் தோலு. மெழுகு போக வெந்நீர்ல தேச்சுக் கழுவி, உள்பக்க வெள்ளை ஒட்டாம மெல்லிசாச் சீவுங்க. டம்ளர் மேல புடிச்சு, தோல்பக்கம் கீழ பாக்கற மாதிரி மடக்குனா எண்ணெய் பீச்சி அடிக்கும். புளிப்பு ஏற்கனவே இருக்கறதால எலுமிச்சைத் தோலு இதுக்கு வேண்டாம், பம்பளிமாஸ் தோலு வேணா போட்டுப் பாக்கலாம்.