ஓபராவிலும் கச்சேரியிலும் தனிக்குரல்: ஜெர்மன் அரங்குகளில் வேலை எப்படி நடக்கிறது?

கீழ்ச்சுருதி

மேற்கத்திய சாஸ்திரியக் குரலிசை படித்துவிட்டு ஜெர்மனியில் வேலை தேடுகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "படிப்பு முடிந்தது, இனி எங்கே போய் நிற்பது?" ஆடிஷன், ஒப்பந்தம், கடைசி நேர மாற்று, தேவாலயக் கச்சேரி, சம்பளக் கணக்கு என்று எதில் விவரம் தெரிந்தாலும் இந்த இழையில் எழுதுங்கள். யார் எங்கே அவமானப்பட்டார்கள் என்ற கதை வேண்டாம், அடுத்தவருக்கு உதவும் விவரம் போதும்.

ஏன் ஜெர்மனி? பொதுப்பணத்தில் இயங்கி, மாதச் சம்பளத்துக்குப் பாடகர்களை வைத்திருக்கும் ஓபரா அரங்குகள் அங்கே சுமார் 80. உலகில் வேறெந்த நாட்டிலும் இந்த அளவுக்கு இல்லை. கொரியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் அங்கே வந்து குவிவது அதனால்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து போய் அங்கே பட்டம் வாங்கியவர்களுக்கு வேலை தேட 18 மாத விசா கிடைக்கும். அடுத்த சீசனுக்கான தேர்வுகள் பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் தொடங்கிக் குளிர்காலத்தோடு முடிந்துவிடும். அதனால் அந்த 18 மாதத்தில் ஒரு தேர்வுப் பருவத்தைத் தவறவிட்டாலே பாதி வாய்ப்பு போச்சு.

பக்கம்புரட்டி

ஆடிஷனில் பியானோ வாசிக்கிறவர்களின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஐந்து ஆரியா, அதாவது ஓபராவில் வரும் தனிப்பாட்டு, கையில் இருக்க வேண்டும். அவற்றில் இத்தாலியன், ஜெர்மன், பிரெஞ்சு மூன்றும் வர வேண்டும், ஒன்றாவது மோட்சார்ட்டாக இருக்க வேண்டும். முதல் ஆரியாவைப் பாடகரே தேர்ந்தெடுப்பார். இரண்டாவதைக் கேட்பது தேர்வுக்குழு. முதலாவது முடிந்ததும் வெறும் "நன்றி" வந்தால் பெரும்பாலும் கதை முடிந்தது. ஆகவே சிறந்ததை இரண்டாவதுக்கு ஒதுக்கி வைக்கும் தந்திரம் வேண்டாம். மேடையில் கிடைப்பது பத்து நிமிடம், ஒத்திகை கிடையாது, பயணச் செலவு பாடகர் தலையில்.

பட்டியலில் ஓர் ஆரியாவைப் போட்டால், அந்தப் பாத்திரத்தை முதல் அங்கத்திலிருந்து கடைசி வரை பாடத் தயார் என்று குழு எடுத்துக்கொள்ளும். 'டோஸ்கா' ஓபராவின் 'விஸ்ஸி தார்த்தே' மூன்று சொச்சம் நிமிடம்தான், இளம் சொப்ரானோக்கள் (உயர் பெண்குரல் பாடகிகள்) பலரும் அதை அழகாகவே பாடிவிடுவார்கள். ஆனால் அதே இரண்டாம் அங்கம் முழுக்க ஆர்க்கெஸ்ட்ராவைத் தாண்டிக் கத்த வேண்டியிருக்கிறதே! 24 வயதுக்காரர் அதைப் பட்டியலில் வைத்தால், தன் குரல் எதுவென்று இவருக்கே தெரியவில்லை என்று குழு முடிவு கட்டிவிடும். பமீனா, சுசன்னா, மிக்கேலா, கிரேட்டல் போன்ற இலகு குரல் பாத்திரங்கள் எல்லாம் சலித்துப்போன பெயர்களாகத் தோன்றலாம். அரங்குக்கு அடுத்த சீசனில் ஆள் தேவைப்படுவது அவற்றுக்குத்தான்.

இனி ஸ்வரத்தாள். இரண்டு பக்கமும் அச்செடுத்து ரிங் ஃபைலில் போட்டுக் கொடுங்கள். பளபளக்கும் பிளாஸ்டிக் உறை வேண்டாம், விளக்கொளி பட்டால் ஒன்றும் தெரியாது. வெட்டுகளை, அதாவது பாடாமல் விடும் இடங்களை, தடித்த பேனாவால் குறியுங்கள். இடதுகை பாஸ் வரி நகலில் அறுந்துபோயிருப்பதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து, கொடுக்கும் முன் அதை ஒருமுறை பாருங்கள். வேகத்தை விரல் சொடுக்கிக் காட்டாதீர்கள். இரண்டு வரி மெல்ல முனகினால் பியானோக்காரருக்குப் புரிந்துவிடும். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் ஓபராவில் வரும் செர்பினெட்டாவின் ஆரியா பன்னிரண்டு நிமிடத்துக்குப் பக்கம். எங்கிருந்து தொடங்கலாம் என்று முன்பே குறித்து வைத்திருங்கள், முழுக்கக் கேட்க யாருக்கும் பொறுமை இராது.

இன்னொன்று. 'மந்திரப் புல்லாங்குழல்', 'ஃப்ரைஷுட்ஸ்' போன்ற ஜெர்மன் ஓபராக்களில் பேச்சு வசனம் உண்டு. பாட்டில் ஜெர்மன் உச்சரிப்பு நன்றாக இருந்தும், "ஒரு வசனம் சொல்லுங்கள்" என்று கேட்டதும் தடுமாறி வாய்ப்பை இழப்பவர்கள் நிறைய.

இரண்டாம்சீமாட்டி

ஆடிஷன் தேறியவர்களுக்கு வருவது ஃபெஸ்ட் ஒப்பந்தம். சுருக்கமாகச் சொன்னால் மாதச் சம்பளம், காப்பீடு, ஓய்வூதியப் பங்கு. பதிலுக்கு, உங்கள் குரல்வகைக்குள் அரங்கு எதைக் கொடுத்தாலும் பாட வேண்டும். அந்தக் குரல்வகையைத்தான் ஃபாஹ் என்பார்கள்: சூப்ரெட், லிரிக் சொப்ரானோ, டிராமாட்டிக் கொலராட்டுரா, ஷ்பீல்டெனர், ஹெல்டன்டெனர், இப்படி இலகு குரலிலிருந்து கனத்த குரல் வரை. ஒப்பந்தத்தில் அதை எழுதி வாங்குங்கள். வெறுமனே 'சொப்ரானோ' என்று விட்டுவிட்டால், மூன்றாவது மாதத்தில் யாருக்கோ ஜலதோஷம் பிடிக்கும்போது அந்தக் கனமான பாத்திரம் உங்கள் தலையில் வந்து விழும்.

குறைந்தபட்சச் சம்பளம் 2018 வாக்கில் 2,000 யூரோவாக இருந்தது, 2023 ஜனவரியில் 2,715 ஆனது. இது வரிக்கு முந்தைய தொகை. சின்ன ஊரில் ஒருவர் வாழலாம், குடும்பம் நடத்துவது கஷ்டம்.

வேலை எப்படி என்றால், காலை பத்து மணிக்கு ஒத்திகை, மாலை ஆறுக்கு மறுபடி ஒத்திகை அல்லது நிகழ்ச்சி. மறுநாள் அட்டவணை முந்தின நாள் மதியம்தான் வெளிவரும். வெளியூர்க் கச்சேரிக்குப் போக நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். சின்ன அரங்கில் ஒரு சீசனுக்கு ஆறேழு பாத்திரம் சகஜம், ஓபரெட்டாவும் காலை பதினொரு மணிச் சிறுவர் ஓபராவும் அதில் சேர்த்தி. டிசம்பரில் 'ஹென்ஸலும் கிரேட்டலும்' ஒரே நாளில் இரண்டு காட்சிகூடப் போடுவார்கள்.

அதனால் ஒத்திகையில் குரலை அடக்கிப் பாடத் தெரிய வேண்டும். மேல் ஸ்வரங்களை ஒரு ஸ்தாயி கீழே இறக்கி, பாதிக் குரலில், ஆனால் மெய்யெழுத்துகள் தெளிவாக விழும்படி. ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஆர்க்கெஸ்ட்ராவோடு உட்கார்ந்து பாடும் ஸிட்ஸ்புரோபவில் மட்டும் முழுக்குரல் எதிர்பார்ப்பார்கள்.

எல்லாரும் பயப்படும் தேதி அக்டோபர் 31. அடுத்த கோடையில் முடியும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்ற கடிதம் அதற்குள் வந்தாக வேண்டும். வராவிட்டால் ஒப்பந்தம் தானாக ஓராண்டு நீளும். கடிதம் அனுப்பும் முன் பாடகரை அழைத்து அவர் தரப்பைக் கேட்க வேண்டும். கேட்காமல் அனுப்பியது செல்லாது, ஆகவே அந்தச் சந்திப்புக்கான அழைப்புக் கடிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரே அரங்கில் எட்டு ஆண்டைத் தாண்டியவர்களுக்குக் கெடு முன்னதாகவே வரும், ஜூலை 31. 15 ஆண்டு ஆகிவிட்டால் அநேகமாக நிரந்தரம். ஆகையால் பல அரங்குகள் 14ஆம் ஆண்டிலேயே அனுப்பிவிடும். விதிகள் பாதுகாப்பதற்காகப் போட்ட வேலி, ஆளை வெளியே தள்ளும் வாசலாகவே பயன்படுகிறது. அரங்கின் தலைவரான இன்டெண்டன்ட் மாறிப் புதியவர் வந்தால் பழைய ஆட்களில் ஒரு பகுதி போவது வழக்கம், அந்தக் காரணத்துக்காக அனுப்பினால் இழப்பீடு உண்டு.

இவ்வளவு இருந்தும் நான் ஃபெஸ்ட் பக்கம்தான். ஸ்பெயின் நாட்டுச் சொப்ரானோ மொன்செராட் கபாயே 1956 முதல் சுவிட்சர்லாந்தின் பாசலிலும் 1959 முதல் ஜெர்மனியின் ப்ரேமனிலும் அரங்கின் நிலையான பாடகியாக இருந்தவர். 1965 ஏப்ரலில் மெரிலின் ஹார்னுக்குப் பதிலாக நியூயார்க் கார்னகி ஹாலில் 'லுக்ரேஸியா போர்ஜா' பாடி ஒரே இரவில் புகழ் பெற்றார் என்பார்கள். அந்த ஒரு இரவுக்குப் பின்னால் சின்ன அரங்குகளில் பாடிய ஆண்டுகள் இருக்கின்றன.

திரைமறைவு

மாற்றுப் பாடகர் விஷயம் வந்துவிட்டதால் அதைச் சொல்கிறேன். அரங்கின் கலை நிர்வாக அலுவலகத்தில் காலை எட்டு மணிக்குத் தொலைபேசி அடிக்கும்: டெனருக்கு (உயர் ஆண்குரல் பாடகர்) குரல் இல்லை, காட்சி மாலை ஏழரைக்கு. உடனே ஓபரா நிகழ்ச்சிகளைப் பட்டியலிடும் ஆபராபேஸ் தளத்தில் அந்தப் பாத்திரத்தை அண்மையில் யார் பாடினார்கள் என்று தேடி ஏஜென்ட்டுகளை வரிசையாக அழைப்பார்கள்.

அழைப்பு வந்தால் "வருகிறேன்" என்று சொல்லும் முன் பாடகர் கேட்க வேண்டியவை உண்டு. எந்த மொழி? எந்தப் பதிப்பு? 'கார்மென்' என்றால் பேச்சு வசனத்தோடா, பேச்சைப் போலப் பாடும் ரெஸிட்டட்டிவோடா? 'டான் ஜியோவானி' என்றால் ஒட்டாவியோ பாத்திரத்துக்கு இரண்டு ஆரியாவுமா, ஒன்றா? 'ஹாஃப்மனின் கதைகள்' என்றால் பதிப்புக்குப் பதிப்பு அங்கங்களின் வரிசையே மாறும், அது தெரியாமல் ரயில் ஏறினால் மேடையில் திண்டாட்டம்தான். வெட்டுப் பட்டியலையும் காட்சியின் வீடியோவையும் மின்னஞ்சலில் வாங்கி வழியிலேயே பாருங்கள். உங்கள் உடுப்பளவு, காலணி அளவு, விக்குக்கான தலைச் சுற்றளவு எல்லாம் அனுப்பத் தயாராக இருக்கட்டும். இறங்கியதும் உதவி இயக்குநரோடு ஒன்றரை மணி நேரம், கண்டக்டரோடு கால் மணி நேரம், அவ்வளவே. மனப்பாடம் உறுதியில்லை என்றால் மேடையோரம் ஸ்டாண்டு வைத்துப் பாடலாம், உதவி இயக்குநர் உடுப்பு மாட்டிக்கொண்டு நடிப்பார். அதில் கேவலம் ஒன்றும் இல்லை.

அண்மையில் பாடாத பாத்திரத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். 1941 டிசம்பர் 6 அன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கில், வாக்னரின் 'வால்க்யூரே' ஓபராவில் லோட்டே லேமன் இடத்தில் ஸீக்லிண்டவாக நின்ற ஆஸ்ட்ரிட் வர்னாய்க்கு 23 வயது. ஆறு நாள் கழித்து அதே ஓபராவில் ஹெலன் ட்ராபெலுக்குப் பதிலாக ப்ரூன்ஹில்டே! அதிர்ஷ்டம் என்று எழுதுவார்கள். வாக்னரின் பாத்திரங்களை அவர் முன்னமே முழுசாகப் படித்து வைத்திருந்தார்.

கீழ்ச்சுருதி

ஃபாஹ் பற்றி ஒரு குறுக்கீடு. குரல் கெடுவது பெரும்பாலும் ஒரே நாளில் அல்ல. சொப்ரானோ எலெனா சூலியோடிஸ் இருபது வயதுகளின் தொடக்கத்திலேயே வெர்டியின் 'நபுக்கோ'வில் வரும் அபிகயிலே என்ற கனமான பாத்திரத்தை எடுத்தார், முப்பதை எட்டும் முன்பே குரல் சிதையத் தொடங்கிவிட்டது. டெனர் அல்ஃப்ரெடோ க்ராஸ் பொருந்தாததை மறுத்துக்கொண்டே அறுபது வயதைக் கடந்தும் பாடினார். மெல்லிய குரல் காட்ட முயல்வதும் ஆபத்துதான்: ஜெர்மன் டெனர் யோனாஸ் காஃப்மன் 1994இல் சார்ப்ரூக்கன் அரங்கில் தொடங்கியபோது அப்படித்தான் பாடித் திணறினார், பிறகு குரல் ஆசிரியர் மைக்கேல் ரோட்ஸிடம் அடிப்படையிலிருந்து மாற்றிக்கொண்டார்.

ஆர்கன்மாடம்

ஓபராவையே பேசுகிறீர்கள். ஜெர்மனியில் நிறையப் பாடகர்களுக்குச் சோறு போடுவது தேவாலயங்கள். டிசம்பரும், ஈஸ்டருக்கு முந்தைய வாரங்களும்தான் அறுவடை. இங்கே ஏஜென்ட் தேவையில்லை, கோவிலின் இசைப் பொறுப்பாளரான கான்டோர் நேரடியாக அழைப்பார். முந்தின நாள் ஆர்க்கெஸ்ட்ராவோடு ஒரு ஒத்திகை, கச்சேரியன்று ஒரு முழு ஒத்திகை. தனி ஊதியம் அந்த ஒத்திகைகளுக்கு இல்லை.

பாஹின் கிறிஸ்துமஸ் ஒரட்டோரியோ என்ற பக்தி இசைப்படைப்பில் ஆறு பகுதி. "எந்தப் பகுதிகள்?" என்று கேட்காமல் தொகை பேசாதீர்கள். ஒன்று முதல் மூன்று வரை என்றால் பாரம் தாழ்ந்த பெண்குரலான ஆல்டோவுக்கு, மூன்றிலும் பகுதிக்கு ஒரு ஆரியா. சொப்ரானோவுக்கு மூன்றாம் பகுதி டூயட் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை, அவருக்கு வேலை நான்காம் பகுதியின் எதிரொலி ஆரியாவிலும் ஆறாம் பகுதியிலும். டெனர் கேட்க வேண்டியது, கதையைச் சொல்லிச் செல்லும் சுவிசேஷகர் பாகமும் ஆரியாக்களும் ஒரே ஆளுக்கா என்று. இரண்டாம் பகுதியின் 'ஃப்ரோஹே ஹிர்டன்' ஆரியா ஓடும் ஓட்டத்துக்குத் தனியாக மூச்சு வேண்டும். கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் பாஹின் மத்தேயு பாஸனில் அந்த இரண்டும் ஒருவருக்கே என்றால் இரண்டே முக்கால் மணி நேர வேலை, ஊதியமும் அதற்குத் தக்கபடி இருக்கட்டும்.

சுருதியும் கேளுங்கள். பழைய வாத்தியங்கள் என்றால் 415 ஹெர்ட்ஸ், அதாவது இன்றைய வழக்கத்தைவிட அரை ஸ்வரம் கீழே. டெனருக்கு மேலே சுகம், தாழ்ந்த ஆண்குரலான பாஸுக்குக் கீழே சங்கடம். துல்லியச் சுருதிக் காது உள்ளவர்கள் தாளைப் பார்த்துப் பாடினால் குழம்புவார்கள், ஒரு வாரம் முன்பே 415இல் பழக வேண்டும்.

காத்திருப்புதான் யாரும் சொல்லித்தராத பாடம். பிராம்ஸின் இரங்கல் இசையான ரெக்வியத்தில் சொப்ரானோவுக்கு ஐந்தாம் பகுதி மட்டும். அதுவரை குளிர்ந்த கோவிலில் அசையாமல் இருந்துவிட்டு, எழுந்ததும் மேலே மிருதுவாகப் பாட வேண்டும். பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியில் பாஸ் வாய் திறக்க முக்கால் மணிக்கு மேல் ஆகும். இரண்டாம் பகுதிக்குப் பிறகு மேடைக்கு வர அனுமதி கேட்பது பலருக்கும் வழக்கம், தயங்காமல் கேளுங்கள்.

டச்சு சொப்ரானோ எல்லி அமெலிங் ஏறக்குறைய முழுவதுமே கச்சேரி மேடையில் நின்றவர். ஆங்கிலேய ஆல்டோ கேத்லீன் ஃபெரியர் மேடையில் பாடிய ஓபரா பாத்திரங்கள் இரண்டே. ஓபரா இல்லாமல் வாழ்க்கை இல்லை என்பது பொய்.

கணக்குப்பிள்ளை

விருந்தினராகப் பாடுவோருக்கு ஒரு மாதிரிக் கணக்கு. காட்சிக்கு 2,000 யூரோ, ஆறு காட்சி, மொத்தம் 12,000. கேட்க நன்றாக இருக்கிறது. ஏஜென்ட்டுக்குப் பத்து சதவீதம் என்றால் 1,200 (கச்சேரிக்கு 15 சதவீதம்கூடக் கேட்பார்கள்). ஜெர்மனியில் வசிக்காதவர் என்றால் அரங்கே பிடித்துக்கொள்ளும் வரி 15.825 சதவீதம், அதாவது 1,899. மிச்சம் 8,901. ஆறு வார ஒத்திகைக்கும் காட்சிகளுக்குமாக வீட்டு வாடகை, பயணம் 2,500 என்று வைத்தால், கிட்டத்தட்ட இரண்டரை மாத உழைப்புக்குக் கையில் 6,401. அதிலும் ஒரு காட்சியில் காய்ச்சல் வந்தால் 2,000 போச்சு, ஆனால் வாடகை அப்படியே இருக்கும்.

சில விஷயங்களைப் பேரத்திலேயே முடித்துவிடுங்கள். ஒத்திகைக் காலத்துக்குத் தனித் தொகை, குறைந்தபட்சம் தங்குமிடம். 2020இல் அரங்குகள் மூடியபோது, ஒத்திகை முழுதும் முடித்தவர்களுக்குக்கூடத் 'தவிர்க்க முடியாத சூழல்' என்ற விதியைக் காட்டிக் கையை விரித்தார்கள். அன்றிலிருந்து விவரம் தெரிந்தவர்கள், ரத்தானால் எத்தனை சதவீதம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார்கள். காட்சிக்கு 250 யூரோவோ அதற்குக் கீழோ வரும் சிறு தொகைக்கு அந்த வரிப் பிடித்தம் இல்லை, தேவாலயக் கச்சேரிகளில் இது உதவும். ஜெர்மனியிலேயே வசிக்கும் சுயதொழில் பாடகர்கள் கலைஞர் சமூகநிதியில் சேரப் பாருங்கள், காப்பீட்டுத் தொகையில் பாதிதான் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

திரைமறைவு

மேலே ஒன்று விட்டுப்போயிற்று. கடைசி நேர மாற்றுக்கு வழக்கமான விருந்தினர் தொகையை விடக் கூடுதலாகக் கேட்கலாம், தருவார்கள். ஆனால் அதை ரயில் ஏறும் முன் மின்னஞ்சலில் வாங்குங்கள். பயணம், ஓட்டல் யார் பொறுப்பு என்பதும், நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு முதல் பாடகர் குரல் தேறி வந்துவிட்டால் எவ்வளவு என்பதும் அதே மின்னஞ்சலில் இருக்கட்டும்.