அறுப்புக்கு முன் 5 நாள் உலர்புல்: ஈ.கோலை ஓ157 குறையுமா?

மேய்ச்சல்நிலம்:
ஈ.கோலை குடலில் வாழும் பாக்டீரியா; அதில் ஓ157 என்ற வகை மாட்டுச் சாணம்வழி உணவில் கலந்து மனிதரை நோயாக்கும். அமெரிக்காவில் மாட்டைக் கொழுக்கவைக்கும் பட்டிகளில் மக்காச்சோளத்தைக் கொட்டுவதுதான் கோளாறு. முன்வயிற்றில் செரியாத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய் நொதித்து அமிலமாகிறது. அதில் பழகிய ஈ.கோலைக்கு நம் இரைப்பை அமிலம் தடையே இல்லை. 1998-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ரஸ்ஸல் குழு, உலர்புல்லுக்கு மாற்றிய 5 நாளில் அமிலம் தாங்கும் கிருமிகள் சரிந்ததைக் காட்டியது. இதைக் கட்டாயமாக்கினால் என்ன?

கறிக்கூடம்:
நண்பரே, அவர்கள் எண்ணியது மாட்டுக் குடலில் இயல்பாக வாழும் ஈ.கோலையை, ஓ157-ஐ அல்ல. மறு ஆண்டே ஐடஹோவில் ஓ157-ஐயே மாடுகளுக்குப் புகட்டிப் பார்த்தார்கள். தானியம் தின்றவற்றைவிட உலர்புல் தின்றவைதான் அதிக நாள் சாணத்தில் கிருமியை வெளியேற்றின. அமிலம் தாங்குவதில் இரு வகை மாடுகளின் கிருமிக்கும் வேறுபாடில்லை.

ஓ157 ஒட்டிக்கொள்ளும் இடமும் வேறு: ஆசனவாயிலிருந்து சில சென்டிமீட்டர் உள்ளே, மலக்குடலின் கடைசிச் சவ்வில். தீவனத்தை மாற்றினால் அது உதிர்ந்துவிடாது.

மேய்ச்சல்நிலம்:
சரி, உலர்புல் வாதத்தை விடுகிறேன். ஆனால் தீவனத்துக்குத் தொடர்பே இல்லை என்று சொல்லாதீர்கள். எத்தனால் ஆலைச் சக்கை கலந்தபோது ஓ157 கூடியதைக் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தார் கண்டார்கள். ஒரு கிராம் சாணத்தில் 10,000-க்கு மேல் கிருமி விடும் மாடுகளையாவது பிரித்துவிடலாமே?

கறிக்கூடம்:
சக்கை விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். எல்லாச் சோதனையிலும் அப்படி வரவில்லை என்றாலும் குறைப்பது நல்லது. பிரிப்பதுதான் கடினம். மாட்டின் ரத்தநாளங்களில் ஓ157 சுரக்கும் ஷிகா நச்சு பற்றும் ஏற்பி இல்லாததால் அது நோய்வாய்ப்படாது, பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சாணத்தைவிட மலக்குடல் சுவரைப் பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுத்தால் நன்றாகப் பிடிபடும். ஆனால் இந்த வாரம் அள்ளிக் கொட்டும் மாட்டிடம் அடுத்த வாரம் ஒன்றும் இராது.

மனிதனுக்கு 100-க்கும் குறைவான கிருமிகளே போதும். அதனால் நான் அறுப்புக்கூடத்தைத்தான் கவனிப்பேன். கறி கெடுவது தோல் உரிக்கும்போது: சாணம் படிந்த தோலின் வெளிப்புறம் சுருண்டு கறியில் படக்கூடாது. மாட்டுக்கு மாடு கத்தியை 82 டிகிரி செல்சியஸ் நீரில் முக்க வேண்டும். மலக்குடலை வெட்டியதும் பையிட்டுக் கட்ட வேண்டும். பிறகுதான் லாக்டிக் அமிலத் தெளிப்பு. இதையெல்லாம் மீறிய கிருமி கொத்துக்கறியில் உள்ளே கலந்துவிடும்; நடுப்பகுதி 71 டிகிரி தொட வேண்டும்.

மேய்ச்சல்நிலம்:
கறிக்கு அது போதும். 2006-ல் கலிஃபோர்னியா பசலைக்கீரையில் ஓ157 வந்ததை எந்தக் கத்தி தடுத்திருக்கும்? கீரையைப் பச்சையாகவே தின்கிறார்கள். சாணம் நிலத்தில் விழும் முன்பே குறைக்க வேண்டும்.

கறிக்கூடம்:
அங்கே வயலுக்கு அருகில் இருந்தவையும் மேய்ச்சல் மாடுகள்தாம், சோளம் தின்றவை அல்ல. கீரைக்கு நான் கேட்பது வேலியும் பாசன நீர்ச் சோதனையும்.